பந்தைக் கீழே வைக்காத ஏழுமலை

இலங்கைத் தமிழன் ஒருவன் சென்னைக்கு வருவதற்கு உலகம் ஒப்புக்கொண்ட காரணங்கள் சில உண்டு. சேலை, வைத்தியம், கோயில், கல்யாணம். மீனம்பாக்கத்தில் குடிவரவு அதிகாரி இதில் ஒன்றை எதிர்பார்த்துத்தான் என்னைக் கேட்டார். "ரக்பி ஆட்டத்துக்கு நடுவராக வந்திருக்கிறேன்" என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். கடவுச்சீட்டைப் பார்த்தார். மறுபடி வயிற்றைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

விஷயம் இதுதான். இந்திய ரக்பி அணி இன்னும் வளர்கிற பிள்ளை. அதற்கு ஆள் எடுக்கச் சென்னையில் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். நாடெங்கிலும் இருந்து வந்தவர்களை நீலம், மஞ்சள் என்று இரண்டாகப் பிரித்து மோதவிட்டுத் தேறினவர்களை எடுப்பது ஏற்பாடு. உள்ளூர் நடுவரைப் போட்டால் அவர் தன் மாநிலத்துப் பையனைப் பார்த்து விசில் ஊதுவார் என்று புகார் வருமாம். எந்தப் பக்கமும் சேராத ஆளாகக் கண்டியிலிருந்து என்னைப் பிடித்தார்கள். எங்கள் ஊரில் தேயிலைக்கு அடுத்தது ரக்பிதான். பள்ளிக்கூட ஆட்டம் என்றாலும் கடையைப் பூட்டிவிட்டுப் போவோம்.

அடையாறுக்குப் போகும் வழியில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "அது இன்னா சார் கேம்?"

"பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேணும். எதிர்ப்பக்கத்து ஆட்கள் கட்டிப்பிடிச்சு விழுத்துவாங்க" என்றேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு சார் சிலோன்லேந்து வரணும்? ஞாயித்துக்கெழம சாயங்காலம் டி.நகர்ல நின்னீங்கன்னா ஓசிலயே பாக்கலாம்."

மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்துக்கு இந்தப் பக்கம் என்னை இறக்கிவிட்டு, அந்தப் பக்கம்தான் நீங்கள் தங்கும் வீடு என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தேன். வீட்டுக்கார மாமி வாசலிலேயே சட்டத்தைச் சொல்லிவிட்டார். "எங்காத்துல அசைவம் கூடாது. வெளில சாப்டுண்டு வந்தேள்னா நான் மோந்து பாக்கமாட்டேன்." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அன்றைக்கே பட்டினப்பாக்கம் போய், தோசைக்கல்லில் சிவந்துகொண்டிருந்த வஞ்சிரத்தை ஒரு கை பார்த்தேன். எங்கள் ஊர் அறக்குளா மீன்தான், இங்கே பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். காரம் மட்டும் எங்களுடையதில் பாதிதான். இதை மீன்காரம்மாவிடம் சொன்னேன். அடுத்த துண்டில் மிளகாய்த்தூளை அள்ளிப் பூசிக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வந்தது, ஆனால் நாட்டின் மானத்தைக் காப்பாற்றினேன்.

மறுநாள் காலை முதல் ஆட்டம். அடையாறுப் பக்கம் ஒரு கல்லூரி மைதானம். கால்பந்து கம்பத்தின் இரண்டு காலிலும் சவுக்குக் கழிகளை உயரமாகக் கட்டி ரக்பி கம்பம் ஆக்கியிருந்தார்கள். காற்றடித்தால் ஒன்று மயிலாப்பூரைப் பார்த்தும் மற்றது பாலவாக்கத்தைப் பார்த்தும் சாய்ந்தது. வீரர்களும் அப்படித்தான், திசைக்கொருவர். பட்டாளத்திலிருந்து வந்த பஞ்சாபிகள், ஒடிசாவின் கிராமப் பையன்கள், கபடியை விட்டு வந்த இரண்டு பேர், பளு தூக்குவதை விட்டு வந்த ஒருவர். மஞ்சள் அணியின் முன்வரிசையில் உள்ளூர்க்காரன் ஒருவன். பெயர் ஏழுமலை. வடக்கத்திப் பையன்களுக்கு அது வாயில் நுழையாததால் 'மலை' என்று சுருக்கிவிட்டார்கள். ஆளைப் பார்த்தால் அந்தச் சுருக்கமே சரி என்று பட்டது.

ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து, எதிரே பிணைந்து நிற்கிற எட்டுப் பேரை முட்டித் தள்ளுவது. நீல அணி அன்று காலை முழுவதும் தள்ளியது. ஏழுமலை ஒரு சாண் நகரவில்லை. சட்டை விலகியபோது பார்த்தேன், வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு. மயிலாப்பூரில் சாமி தூக்குகிறவன் என்று பிறகு சொன்னார்கள். திருவிழாக் காலத்தில் சாமி, மற்ற நாளெல்லாம் வீடு வீடாகத் தண்ணீர் கேன். கண்டியில் ஊர்வலத்துக்கு யானை தூக்கும். இங்கே யானை வேலையை மனிதனே பார்த்துக்கொள்கிறான்.

இந்த ஏழுமலைதான் இரண்டாம் பாதியில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தான். காலைப் பிடித்தவன், இடுப்பைப் பிடித்தவன், கழுத்தில் தொங்கினவன் எல்லோரையும் இழுத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினான். தாண்டிய பிறகு பந்தைத் தரையில் அழுத்தி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ட்ரை, அஞ்சு புள்ளி. ஏழுமலை வைக்கவில்லை. நின்றான். பேருந்துக்குக் காத்திருக்கிறவனைப் போல அணைத்தபடி நின்றான். நீல அணியில் ஒவ்வொருவராக வந்து பந்துக்கும் தரைக்கும் நடுவில் கையை நுழைத்துக்கொண்டார்கள். நான் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? விசில் ஊதி, புள்ளி இல்லை என்றேன். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை.

அன்றைக்கே இன்னொரு தடவையும் அப்படி நின்றான்.

ஆட்டம் முடிந்து கை கழுவும் இடத்தில் முகாம் தலைவர் பேசுவது காதில் விழுந்தது. ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர், பஞ்சாபி. உதவியாளரிடம் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார், இந்திப் படம் பார்த்து வளர்ந்த புண்ணியத்தில் எனக்குப் புரிந்தது. "இந்த மாதிரித் தோள் இந்தத் தேசத்திலேயே கிடையாது. ஆனால் கோட்டைத் தாண்டிப் போய்ச் சிலையாக நிற்கிறவனை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். கடைசி ஆட்டத்தில் ஒரு ட்ரை வைக்கட்டும். வைத்தால் அணியில் இருக்கிறான். இல்லையென்றால் கேன் தூக்கப் போகட்டும்."

ஏழுமலைக்கு வயது முப்பதை நெருங்குகிறது. அடுத்த முகாமுக்கு இளசுகள் வந்து நிற்கும்.

அவனும் இதைக் கேள்விப்பட்டிருந்தான். வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான். "சார், ரூல் எனக்குத் தெரியும். கோட்டத் தாண்டினா வெக்கணும். ஆனா கை வர்ல சார். ஏழாங்கிளாஸ்லேந்து சாமி தூக்கறேன். அணைச்சித் தூக்குனத அப்புடியே வெறுந்தரைல வெக்கக் கூடாதுன்னு ஒடம்புல ஊறிக்கீது. வெறும் ரப்பர் பந்துன்னு மனசுக்குத் தெரியுது, கைக்குத் தெரிய மாட்டேங்குது."

"இவ்வளவு நாள் என்ன செய்தீங்க?"

"கோட்டுகிட்ட போயி பக்கத்துல வர்றவன் கைல குடுத்துருவேன். அவன் வெப்பான், பேப்பர்ல அவன் பேரு வரும். இங்க பக்கத்துல வர்றவன்லாம் ஒடிசா, பஞ்சாபு. நான் கூப்புட்டா புரியல."

எனக்கு நாக்கு நமநமவென்றது. ஆனால் நடுவர் ஒரு பக்கத்து ஆளுக்கு யோசனை சொன்னால் விசிலை அடுப்பில் போட வேண்டியதுதான். "தம்பி, நான் கதைக்கக் கூடாது" என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பேச்சை மாற்றி, டி.நகரில் ஏதாவது வாங்க வேண்டுமானால் தன் மனைவி கல்பனா ஒரு பாத்திரக் கடையில் வேலை செய்வதாகவும் சொல்லிவைப்பதாகவும் சொன்னான்.

அடுத்த நாள் ஆட்டம் இல்லை. என் மனைவிக்கு ஓர் இட்லிப் பானை வேண்டும். கண்டியில் கிடைப்பதெல்லாம் தகரமாம். டி.நகருக்குப் போனேன். ஆட்டோக்காரர் சொன்னது பொய்யில்லை. ரங்கநாதன் தெருவில் ஓர் அம்மாள் இரண்டு கையிலும் பையோடு, குனிந்த தலையோடு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனதைப் பார்த்தேன். என்னால் முடிந்திருந்தால் அவரை மஞ்சள் அணியில் சேர்த்திருப்பேன்.

கல்பனா என்னை வயிற்றை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாள். மெலிந்த உருவம், வாய் மட்டும் நல்ல பலம். கனமான பானையாகப் பார்த்துத் தட்டிக் காட்டிவிட்டு, ஊழியர் கணக்கில் விலையைக் குறைத்துப் போடச் சொன்னாள். வேண்டாம் என்றேன். ஆட்டக்காரன் வீட்டுச் சலுகை நடுவருக்கு ஆகாது.

"சரி சார். உங்க நேர்மைய நீங்களே தூக்கிக்கினு போங்க, கனமாத்தான் கீது" என்று பானையை என் கையில் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரரு எடுபடுவாரா சார்?"

"எனக்குத் தெரியாது. நான் சொல்லவும் கூடாது."

"அவரு கேன தூக்கறாரு, சாமிய தூக்கறாரு. இத்தன வருசத்துல அவர ஒருத்தரும் தூக்கிக்கினு போனதில்ல. ஒரு தபா ஏரோப்ளேன் தூக்கிக்கினு போவட்டும்னுதான் சார் எனக்கு."

பானையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். பானை இருக்கையில் உட்கார்ந்தது, நான் நின்றுகொண்டு வந்தேன். நடத்துநர் பானைக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் மயிலாப்பூரில் பங்குனித் திருவிழா ஊர்வலம். வடக்கு மாட வீதியில் கல்பனா நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு டம்ளர் நீட்டினாள். மோருக்குச் சலுகைக் கணக்கு கிடையாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, இரண்டு டம்ளர் குடித்தேன். சாமி வந்தது. சாமியைச் சுமக்கிற மரத்தின் முன்கொம்பில் ஏழுமலை. வேர்வை வழிகிறது, முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை. சாமி நிற்க வேண்டிய இடம் வந்தால் கவட்டைக் கம்பைக் கொம்புக்கு அண்டை கொடுத்துத் தோளை மாற்றிக்கொண்டார்களே தவிர, தரைப் பக்கம் யாரும் பார்க்கக்கூட இல்லை.

நான் அந்த நேரத்தில் நடுவர் இல்லை. கழுத்தில் விசில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து திருவிழா பார்க்கிற ஒரு பயணி. பயணி சந்தேகம் கேட்கலாம். எந்த நாட்டுச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.

"ஏனம்மா, இப்படியே தூக்கிக்கொண்டு நின்றால் சாமியை எப்பதான் கீழ வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"மண்டபத்துல வெப்பாங்க சார். தண்ணி தெளிச்சி, கோலம் போட்டு, அப்பால எறக்குவாங்க. நம்ம ஊட்டு வாசல்லயும் அப்புடித்தான். அவரு கேன் போடும்போது பாருங்க, தண்ணி தெளிச்ச எடமாப் பாத்துத்தான்..."

அவள் நிறுத்தினாள். மோர்ச் சொம்பு அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கடைசி ஆட்டத்தன்று காலை, வழக்கப்படி மைதானத்தைச் சுற்றிப் பார்வையிட்டேன். வாசல் பக்கத்து எல்லைக்கோட்டுக்குப் பின்னால் புழுதியை அமர்த்தித் தண்ணீர் தெளித்து, நட்ட நடுவில் ஒரு புள்ளிக்கோலம் கிடந்தது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான கோலம். வேலிக்கு வெளியே கல்பனா மாவு டப்பாவோடு நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீல அணித் தலைவன் ஒடிசாக்காரன். ஓடி வந்து இந்தியில் கேட்டான். "சார், இது என்ன கோடு?"

சட்டப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். மைதானத்தில் கண்ணாடி கிடக்கக் கூடாது, கல் கிடக்கக் கூடாது. கோலம் கிடக்கக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. "ஆபத்தில்லாத பொருள், ஆடலாம்" என்றேன்.

"எங்கள் அம்மாவும் வாசலில் போடுவாள்" என்று அவன் இழுத்தான். "அதை நாங்கள் மிதிக்க மாட்டோம்." தன் ஆட்களிடம் போய் என்னவோ சொன்னான். ஒடிசாக்காரர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றப் போகிற முகத்தோடு அதைப் பார்த்தார்கள்.

முதல் பாதியில் மஞ்சள் அணி கோலம் இருந்த பக்கத்தைத்தான் தாக்கியது. ஏழுமலை கோட்டைத் தாண்டினான். ஆனால் ஓரத்தில் தாண்டிவிட்டான். தாண்டியவன் மூன்று பேரைச் சுமந்துகொண்டு கோலத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தான். அவன் எங்கே போகிறான் என்று நீலக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. கோலத்தை மிதிக்காமல் அதைச் சுற்றி வட்டமாக நின்று மறித்தார்கள். என் வாழ்நாளில் கம்பத்தைக் காக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கோட்டைக் காக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோலத்தைக் காத்தவர்களை அன்றுதான் பார்த்தேன். கோலத்துக்கு ஒரு முழம் இருக்கையில் பந்தை அசையவிடாமல் பிடித்துவிட்டார்கள். விசில் ஊதினேன். முகாம் தலைவர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார்.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாது, பக்கம் மாறுவீங்களா? யாருனா ஒரு வார்த்த சொன்னீங்களா? மாவு தீந்துபோச்சேய்யா."

சாமி போன பக்கமே போகும், பாதியில் திரும்பி வராது. கல்பனாவின் ஊரில் அதுதான் முறை. இங்கே கோலம் இப்போது மஞ்சள் அணியின் சொந்த எல்லையில், ஒருவருக்கும் உதவாமல் கிடந்தது. ஏழுமலை அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஸ்க்ரமுக்குக் குனிந்தான்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். மஞ்சள் நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. கோட்டுக்கு அருகில் ஒரு ஸ்க்ரம். ஏழுமலை தள்ளினான். மொத்த நீல அணியும் பின்வாங்கிற்று. பந்து கைமாறிக் கைமாறி அவனிடமே திரும்பி வந்தது. அணைத்தான், தாண்டினான், நின்றான். வெறுந்தரை. நாலு பேர் அவன் மேல். "வெச்சிருடா மலை" என்று அவன் அணியே பல பாஷையில் கத்தியது. அவன் கை பந்தை இன்னும் இறுக்கி அணைத்தது. விசில் என் உதட்டில். இன்னும் ஒரு மூச்சு விட்டுப் பார்க்கலாம் என்று நின்றேன். அந்த ஒரு மூச்சு நடுவருடையதா, மோர் குடித்தவனுடையதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் விழாமல் நின்றது மட்டும் நிஜம்.

வேலிப் பக்கம் கல்பனாவைக் காணவில்லை. அடுத்துப் பார்த்தபோது அவள் ஆட்டக்காரர்களுக்கு வைத்திருந்த தண்ணீர் கேனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைசிக் கோட்டுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள். கோட்டைத் தாண்டவில்லை. வெளியே நின்றபடி கேனைச் சாய்த்து, ஒரு வீச்சு. தண்ணீர் பரந்து வந்து ஏழுமலையின் காலடியில் விழுந்தது. பாதி முகாம் தலைவரின் பூட்ஸில் விழுந்தது.

ஏழுமலை தரையைப் பார்த்தான். முதல் தடவையாக முழங்காலை மடித்தான். தொங்கிக்கொண்டிருந்த நாலு பேரும் அவனோடு சேர்ந்து மெல்ல இறங்கினார்கள். இரண்டு கையாலும் பந்தை ஈரத்தில் வைத்து, அழுத்தி, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நான் கையை உயர்த்தி ட்ரை என்றேன்.

ஒடிசாக்காரன் என்னிடம் வந்தான். "சார், வெளியாள் தலையிட்டார்."

"பந்தைத் தொட்டாரா?"

"இல்லை."

"ஆட்டக்காரனைத் தொட்டாரா?"

"இல்லை. ஆனால் தரை ஈரம்."

"மழை பெய்தால் ஆட மாட்டீர்களா?" என்றேன். அவனே போய் ஏழுமலையைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். முகாம் தலைவர் நனைந்த பூட்ஸோடு வந்தார். "இந்தப் பெண்ணையும் கூட்டிப்போக வேண்டுமா?" என்று இந்தியில் முனகிக்கொண்டே உதவியாளரிடம் ஏழுமலையின் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். ஏழுமலை வேலியண்டை போனான். அவள் ஏதோ திட்டினாள். அவன் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள்.

ஊருக்குத் திரும்புகிற அன்று ஏழுமலை கேன் வண்டியிலேயே என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டான். ஆட்டம் முடிந்துவிட்டதால் இந்தச் சலுகையை ஏற்றுக்கொண்டேன். கல்பனா ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். அணியின் முதல் பயணமே எங்கள் நாட்டுக்குத்தானாம். எங்கள் ஆட்களோடுதான் ஆட்டம்.

"கோலமாவு சார். நான் வர முடியாது, கடைல லீவு குடுக்க மாட்டாங்க. நீங்க போட்ருங்க. பக்கம் மாறுவாங்க, அதனால ரெண்டு பக்கமும் போட்ருங்க. அங்கயாவது மறந்துறாதீங்க."

பாதுகாப்புச் சோதனையில் பானையைத் திறந்தார்கள். பானைக்குள் வெள்ளைப் பொடி. அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் ஊருக்குப் போவது சந்தேகம் என்றே நினைத்தேன். "கோலமாவு" என்றேன். "சிலோன்ல கெடைக்காதா?" என்றார். "கிடைக்கும். இது அந்தக் கோலத்துக்கு இல்லை" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்ல வேண்டி வந்தது. பின்னால் வரிசை நீண்டது. அவர் கேட்டு முடித்து, பொட்டலத்தை அவரே பானைக்குள் பத்திரமாக வைத்து மூடினார்.

கண்டியில் என் மனைவி பானையைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டாள். பொட்டலத்தைப் பார்த்து இது எதற்கு என்றாள். சொன்னேன். முப்பது வருஷம் நம் ஊர் அணிக்குத் தொண்டை கிழியக் கத்திய மனிதன், எதிரணிக்காரன் ட்ரை வைக்க நம் மைதானத்திலேயே கோலம் போடப் போகிறீர்களா என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நீங்க எந்தப் பக்கம்?" என்றாள்.

"ரெண்டு பக்கமும்" என்றேன். "அப்படித்தான் போடச் சொல்லியிருக்கு."